கிராமத்திற்குப் பங்காளிகள் தேவை

வறண்ட சிற்றூர் ஒன்றின் நிலைத்த வளர்ச்சிக்குத் துணைவரைத் தேடுவது எப்படி என்பதுபற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் பொருளாதாரம் கற்றவன் அல்லன். திட்டங்கள் தீட்டும் அலுவலகங்களில் அமர்ந்தவனும் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன். அவற்றுள் இருபத்திரண்டு ஆண்டுகள் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் கழிந்தன. முதலில் உதவியாசிரியனாகவும் பின்னர் தலைமையாசிரியனாகவும் இருந்து, 2018ஆம் ஆண்டில் அங்கேயே ஓய்வு பெற்றேன். அவ்வூரின் பெயரைச் சொல்லாமலே பேச விரும்புகிறேன். அம்மாவட்டத்தில் அதைப் போன்ற ஊர்கள் பல உள்ளன.

எனக்கு நன்கு தெரிந்த கணக்கு ஒன்றே. அது வகுப்பறையின் வருகைப் பதிவேடு. தை பிறந்ததும் அப்பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே வராமைக் குறிகள் விழத் தொடங்கும். மாசியில் அவை பெருகும். பங்குனியில் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பலகைகள் காலியாகக் கிடக்கும். அப்பிள்ளைகளுக்கு நோயுமில்லை, படிப்பின்மேல் வெறுப்புமில்லை. அவர்களுடைய பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு கரி மூட்டம் போடவும், செங்கற்சூளையில் கல் அறுக்கவும் வெளியூர் போயிருப்பார்கள். குழந்தைகளை யாரிடம் விட்டுச் செல்வது? 1956இல் காமராசர் காலத்தில் தொடங்கி, 1982இல் விரிவுபடுத்தப்பட்ட மதிய உணவுத் திட்டம் எத்தனையோ ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தது உண்மை. ஆனால் குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டால் சோறு ஆக்கி வைத்து யாருக்குப் பரிமாறுவது?

கண்மாய் நிறைந்த ஆண்டில் இக்குறிகள் குறைவு. நிறையாத ஆண்டில் மிகுதி. பழைய பதிவேடுகளை ஒரு கோடை விடுமுறையில் எடுத்துப் புரட்டியபோதுதான் இது என் கண்ணுக்குப் புலப்பட்டது. அதற்குள் நான் அவ்வூருக்கு வந்து பத்தாண்டுகள் கடந்திருந்தன என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன என்பதற்கு அறிஞர்கள் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். பின்வரும் தலைமுறையின் தேவைகளுக்குப் பங்கம் வராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வதே அது என்று 1987இல் ஐக்கிய நாடுகளின் சார்பில் அமைந்த புருண்ட்லண்ட் குழு உரைத்தது. 2015இல் உலக நாடுகள் கூடி வகுத்த பதினேழு இலக்குகளில், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்வது பதினேழாவதாக வைக்கப்பட்டிருக்கிறது. இவை பெரிய விஷயங்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியனாகிய எனக்கு, ஆடியில் பெயர் எழுதிய பிள்ளை அடுத்த சித்திரையிலும் அதே பலகையில் அமர்ந்திருந்தால் அதுவே நிலைத்த வளர்ச்சி.

அம்மாவட்டத்தின் இயல்பை அறியாத நேயர்களுக்குச் சில சொற்கள் சொல்லவேண்டும். அங்கே மழையே பெய்வதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில நாள் நீரைப் பிடித்து வைத்து, ஒரு போகம் நெல்லும், அதன்பின் மிளகாயும் பருத்தியும் எடுப்பதற்காகவே முன்னோர் கண்மாய்களை வெட்டினார்கள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஜனங்கள் பெருமையோடு சொல்லும் இராஜசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாய் முதல், மூன்று மடைகள் மட்டுமே உள்ள எங்கள் ஊர்க் கண்மாய் வரை, எல்லாம் ஒரே நோக்கத்தில் எழுந்தவை. ஒரு கண்மாயின் மிகைநீர் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குச் செல்லும். அது நிறைந்து மற்றொன்றுக்குச் செல்லும். ஆகையால் எந்த ஊரும் தனித்து வாழ முடியாதபடி நீரே ஊர்களைக் கோத்து வைத்திருக்கிறது.

பழைய நாளில் இவற்றைப் பேணுவது ஊராரின் கடமையாக இருந்தது. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். அவ்வழக்கம் தளர்ந்தபோது, ஆங்கில அரசினர் 1858இல் சட்டம் போட்டே அவ்வுழைப்பை வாங்க முயன்றனர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டபின், சேதுபதிகள் சீமையில் இருந்த கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திற்கும் உரியவையாயின. எங்களுடையது ஒன்றியத்துக் கண்மாய். 'சர்க்கார் கண்மாய்' என்று ஊரார் அதைச் சொல்லத் தொடங்கிய நாளிலேயே அதன் கரையில் சீமைக் கருவேலம் முளைத்துவிட்டது என்று ஒரு முதியவர் என்னிடம் கூறினார். நாளைக் குறித்தவர் யார்? ஆயினும் அவர் கருத்து பிழையன்று.

இனி என் முதல் முயற்சியைச் சொல்கிறேன். அது தோல்வி, குற்றத்தில் பாதி என்னுடையது.

எங்கள் ஊர் நிலத்தடி நீர் உப்பு. பெண்கள் குடம் ஒன்றுக்கு விலை கொடுத்து, வண்டித் தண்ணீர் வாங்கினார்கள். 2008ஆம் ஆண்டில், நகரத்துக் கொடையாளர் ஒருவருக்கு ஊரின் சார்பில் நான் ஒரு விண்ணப்பம் எழுதினேன். கட்டுரை வரைவதில் எனக்கு ஓரளவு பயிற்சி உண்டு. வெடித்த நிலம், வற்றிய ஊருணி, வாடிய முகம் என்று வறுமையை வருணித்து மூன்று பக்கம் எழுதினேன். மறு ஆண்டே உப்பு நீரை நன்னீராக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வந்து சேர்ந்தது. பந்தல், மாலை, கல்வெட்டு, புகைப்படம் எல்லாம் சிறப்பாக நடந்தன. என் பள்ளிப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள்.

பதினான்கு மாதம் அவ்வியந்திரம் நன்றாக ஓடியது. பிறகு உள்ளே இருக்கும் வடிகட்டி உருளைகளை மாற்றவேண்டிய காலம் வந்தது. அதற்கு ஆகும் தொகையை யார் கொடுப்பது? ஊராட்சியைக் கேட்டால், இயந்திரம் எங்கள் சொத்துப் பட்டியலில் இல்லை என்றார்கள். கொடையாளருக்கு எழுதினால், நாங்கள் ஒப்படைத்துவிட்டோம் என்று விடை வந்தது. ஊராரோ, 'கொடுத்தவுக வந்து பாக்கட்டும்' என்றார்கள். மின்கட்டணம் நிலுவையாகி, இணைப்பும் போயிற்று. அக்கட்டடத்தில் சில ஆண்டுகள் ஆடுகள் மழைக்கு ஒதுங்கின. கொடையாளரை நான் நொந்துகொள்ளவில்லை. நான் எழுதிய மூன்று பக்கத்தில் வடிகட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன், ஆலமரத்தடியில் கூட்டம் கூட்டி நான் படித்துக் காட்டியிருந்தேன். எல்லாரும் தலையசைத்தார்கள். ஒரு மூதாட்டி மட்டும் எழுந்தார். மிளகாய்க் காட்டில் வேலை செய்பவர், எழுத்தறியாதவர். "ஏன் வாத்தியாரையா, எங்களெ இம்புட்டு இல்லாதவுகளா ஆக்கிப்புட்டீகளே. எங்ககிட்ட இருக்குறதெப் பத்தி ஒரு எழுத்துக்கூட எழுதலையே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இயந்திரம் நின்ற பிறகுதான் அக்கேள்வி என்னை உறங்கவிடாமல் செய்தது.

2011ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், எட்டாம் வகுப்பு முடித்த மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, ஊரில் இருப்பதைக் கணக்கெடுத்தோம். நூற்கயிறும் அளவுகோலும் கொண்டு கண்மாய்க் கரையை அளந்தோம். மூன்று மடைகளில் ஒன்று முற்றிலும் தூர்ந்திருந்தது, ஒன்று கசிந்தது, ஒன்று சரியாக இருந்தது. வயல் எத்தனை, பனை எத்தனை, ஆடு எத்தனை, கிணறு எத்தனை என்று எழுதினோம். மண் வேலை அறிந்த கைகள், கொத்து வேலை அறிந்த கைகள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் இளைஞர்கள், ஒரு காலத்தில் நீர்ப்பாய்ச்சியாக இருந்து மடை திறக்கும் முறையை அறிந்த முதியவர், யாவரும் பட்டியலில் ஏறினார்கள். கண்மாயில் மண்டிக் கிடந்த கருவேலத்தையும் செல்வமாகவே எழுதினோம். வெட்டிக் கரியாக்கினால் அது பணம் அல்லவா? அதை வெட்டத்தானே எங்கள் ஜனங்கள் வேறு ஊர்களுக்குக் கூலியாகப் போய்க்கொண்டிருந்தார்கள்!

வரத்துக் கால்வாயை அளந்துகொண்டு போகும்போது எங்கள் வேலை நின்றுவிட்டது. மேலூரின் எல்லையில் கால்வாய் மேடாகி, குறுக்கே பாதை போடப்பட்டிருந்தது. அவ்வூருக்கும் எங்களுக்கும் நெடுங்காலமாக வழக்கு. நீதிமன்றம் வரை போய், யார் வென்றார் என்று இருதரப்பாருக்கும் தெளிவில்லாமல் முடிந்த வழக்கு அது. கண்மாய் நிறையாததற்குக் காரணம் வானம் என்றே நான் எண்ணியிருந்தேன். பாதி காரணம் அந்த மேட்டில் கிடந்தது. சென்னையிலும் மதுரையிலும் துணை தேடிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நான், இரண்டு கல் தொலைவில் இருந்த ஊரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச அனுமதிக்க வேண்டுகிறேன். நாட்டுப்புறத்தில் பங்காளி என்றாலே சண்டைக்காரன் என்று பொருளாகிவிட்டது. ஒரே பாட்டனாரின் சொத்தில் பங்கு உடையவன் பங்காளி. பங்கு இருப்பதனால்தான் சண்டை வருகிறது; வழிப்போக்கனோடு யாரும் வரப்புக்காகச் சண்டையிடுவதில்லை. விளைச்சலில் பங்கு பெறுகிறவன் அழிவிலும் பங்கு பெறுகிறான். கொடையாளி அப்படியல்லன். அவன் கொடுத்ததோடு அவன் கணக்கு முடிந்துவிடுகிறது. நம் கிராமங்களுக்குத் துணைவர் என்று யாரைத் தேடினாலும், 'இம்முயற்சி கெட்டால் இவருக்கு என்ன நஷ்டம்?' என்று முதலில் கேட்கவேண்டும் என்பது என் முடிபு. நஷ்டம் ஏதும் இல்லாதவர் நல்லவராக இருக்கலாம், பங்காளி ஆகமாட்டார்.

இதற்கு வடநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. 1958இல் சண்டிகர் நகரத்தின் அழகுக்காக சுக்னா என்னும் ஏரி அமைக்கப்பட்டது. 1970களில் அவ்வேரி வண்டலால் தூர்ந்துவந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தபோது, சிவாலிக் மலையடிவாரத்தில் உள்ள சுகோமாஜ்ரி என்ற ஏழைக் கிராமத்தின் மொட்டைக் குன்றுகளிலிருந்து பெரும்பகுதி வருவது தெரிந்தது. அக்குன்றுகளில் ஆடு மேய்த்தே அவ்வூரார் பிழைத்தார்கள். மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா என்னும் அறிஞர் அங்கே சென்றார். மேய்ச்சலை நிறுத்துங்கள் என்று உபதேசம் செய்வதால் பயனில்லை என்று அவர் கண்டுகொண்டார். 1976 முதல் சிறிய மண் அணைகள் கட்டப்பட்டன. அந்நீர் கிராமத்து வயலுக்குப் பாய்ந்தது. நீரின் ருசி கண்ட பிறகு, அணையில் மண் சேராதிருக்கவேண்டும் என்று ஊராரே குன்றைக் காக்கத் தொடங்கினார்கள். ஆடுகள் குறைந்தன, எருமைகள் பெருகின. ஏரி தூர்ந்தால் நகரத்திற்கு நஷ்டம், குன்று கரைந்தால் கிராமத்திற்கு நஷ்டம். ஆகவே இருவரும் பங்காளிகள் ஆனார்கள்.

அங்கே நடந்த மற்றொரு காரியத்தையே நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன். நீரில் நிலமுள்ளவருக்கு மட்டும் உரிமை என்று வைத்தால், நிலமற்றவர் ஏன் தம் ஆடுகளைக் குன்றிலிருந்து இறக்கவேண்டும்? ஆகவே நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் நீரில் சமப் பங்கு என்று விதித்தார்கள். வேண்டாதவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். குன்றில் வளர்ந்த புல்லை ஒப்பந்தக்காரருக்கு விடாமல், வனத்துறையினர் ஊர்ச் சங்கத்திற்கே குத்தகை கொடுத்தார்கள். பின்னாளில் அச்சங்கத்தின் வருமானத்தின்மேல் வருமான வரி கேட்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஏழைக் கிராமம் சம்பாதிக்கத் தொடங்கியதும் பங்கு கேட்க வருவோருக்குக் குறைவில்லை!

நம் நாட்டிலேயே மேட்டுப்பாளையத்திற்கு அருகில் ஓடந்துறை என்னும் ஊராட்சி, 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தனக்கென வாங்கியது. ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஆயிற்று. சேமிப்பிலிருந்து ஒரு பகுதியைப் போட்டு, பெரும்பகுதியை வங்கிக் கடனாக வாங்கினார்கள்; மின்சாரம் விற்ற பணத்தில் கடனை அடைத்தார்கள். வங்கி அன்னதானம் செய்யும் இடமன்று. கணக்கைக் கேட்கும், தவணையைக் கேட்கும். அதனாலேயே அது சிறந்த துணை.

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். கணக்கெடுத்த நோட்டுப் புத்தகத்தோடு, கண்மாய்ப் பணியில் பழக்கமுள்ள தொண்டு நிறுவனம் ஒன்றை அணுகினோம். அவர்கள் ஒன்றும் வாக்களிக்கவில்லை. மூன்று முறை வந்து கேள்விகளே கேட்டார்கள். மடை யார் திறப்பார்? அவருக்குக் கூலி எங்கிருந்து வரும்? ஊரார் தம் பங்காக எவ்வளவு போடுவீர்கள்? நிலமில்லாத வீட்டார் என்ன சொல்கிறார்கள்? இக்கேள்விகளால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. முன்னவர்கள் மாலையைப் போட்டதும் கொடுத்தார்கள், இவர்கள் பரீட்சை வைக்கிறார்களே என்றார்கள். பரீட்சை வைப்பவனைக் கண்டு அஞ்சலாகாது என்று நான்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன்!

கடைசிக் கேள்விதான் கடினமாயிற்று. ஓடைக்குத் தெற்கே இருந்த ஆதிதிராவிடக் குடும்பங்களில் பெரும்பாலாருக்கு ஆயக்கட்டில் நிலம் இல்லை. அவர்களைக் கூட்டத்திற்கு அழைத்தபோது, அவர்களுள் மூத்தவர் ஒருவர் மிகுந்த அமைதியோடு பேசினார். "கம்மாய் நெறஞ்சா உங்க வயலுக்குத் தண்ணி. மண்ணு சுமக்குறது மட்டும் நாங்களா? அதுகூடப் போகட்டும். ஊருணியில எங்க பொம்பளைக எறங்கி மொண்டுக்கலாம்னு மொதல்ல எழுதுங்க, வாத்தியாரையா" என்றார்.

ஊருணிப் படிக்கட்டில் அவர்கள் இறங்குவதில்லை. மற்றவர் மொண்டு ஊற்றினால் பெற்றுக்கொள்வார்கள், அல்லது வண்டித் தண்ணீர் வாங்குவார்கள். இது எனக்குத் தெரியாததன்று. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவை ஆண்டுதோறும் குடிமையியல் பாடத்தில் நடத்தியவன் நான். பள்ளிக்கும் அப்படிக்கட்டுக்கும் இடையே இருநூறு அடி தூரம். இத்தனை ஆண்டுகளில் அதைப்பற்றி ஊராரிடம் ஒரு சொல் கேட்டவன் அல்லன். ஊரோடு ஒத்துப்போகும் ஆசிரியன் என்று எனக்கு நற்பெயர் இருந்தது. அந்த நற்பெயரின் விலை அன்று எனக்கு விளங்கிற்று.

கூட்டம் கலைந்தது. மூன்று மாதம் ஒன்றும் நடைபெறவில்லை. அவ்வரி எழுதப்படாவிட்டால் தாங்கள் வருவதற்கில்லை என்று நிறுவனத்தார் தெரிவித்துவிட்டனர். அவர்கள் நயமாக வளைந்துகொடுத்திருந்தால் எங்களுக்குக் கண்மாய் கிடைத்திருக்கும். ஊர் முழுமைக்கும் பங்கு கிடைத்திராது. நான் வீடு வீடாகச் சென்றேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. என்னிடம் படித்து, வெளிநாட்டில் வேலைபார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் தொலைபேசியில் தங்கள் தகப்பன்மாரிடம் பேசினார்கள். அவர்கள் சொல் என் சொல்லைக் காட்டிலும் பலித்தது என்று நினைக்கிறேன்.

2013ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு பக்க உடன்படிக்கை எழுதப்பட்டது. ஊருணி எல்லாருக்கும் பொது. கண்மாய் மீனிலும் தூர்வாரும் வண்டலிலும் நிலமற்ற குடும்பங்களுக்குச் சமப் பங்கு. ஆயக்கட்டுக்காரர் ஏக்கர்க் கணக்கில் வரி போட்டு நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி தருவது. மீன் குத்தகைக்கும் கருவேலத்தை வெட்டுவதற்கும் அரசினர் அனுமதி வேண்டியிருந்தது. மரம் யாருடையது என்ற வினாவுக்கு விடை பெறவே ஒரு கோடை கழிந்தது. அலுவலகங்களில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒவ்வொருவர் கையிலும் வினாவின் ஒரு துண்டு மட்டுமே இருந்தது.

மேலூர்க்காரரோடு பேசியது வேறு கதை. நீங்கள் வாய்க்காலைத் திறந்துவிட்டால் எங்களுக்கு என்ன லாபம் என்று அவர்கள் நேரே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்களுடைய கலுங்கு இடிந்து கிடந்தது. முதலில் அதைக் கட்டித் தருவது, பாதையின் அடியில் குழாய்ப் பாலம் வைப்பது, அதன்பின் கால்வாயைத் தோண்டுவது என்று முடிவாயிற்று. எங்கள் ஊருக்கென்று வந்த பணத்தின் முதல் தவணை அடுத்த ஊரில் செலவாயிற்று என்றால் எங்கள் ஜனங்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்த வசவுகளை வானொலியில் சொல்வதற்கில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டு நிகர லாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். 2014 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. எங்கள் பணிக்கும் அவ்வழியில் ஒரு தொகை, தொண்டு நிறுவனத்தின் மூலமாக வந்தது, நன்றியோடு நினைவுகூர்கிறேன். ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. தொழிற்சாலையே இல்லாத வறண்ட சீமைக்கு ஆறு எப்படிக் கடைசியாக வருகிறதோ அப்படியே அப்பணமும் வருகிறது. மற்றொன்று, கம்பெனிகளின் ஆண்டு மார்ச்சு 31இல் முடிகிறது. கண்மாயில் மண் வெட்டும் காலமோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. சேற்றில் நின்றுகொண்டு செலவுக் கணக்கை முடித்துக் காட்டும்படி கேட்டால் என்ன செய்வது? 2021இல் விதிகளைத் திருத்தி, சில ஆண்டுகள் தொடரும் பணிகளுக்கு வழி செய்தார்கள். எங்களுக்கு அது காலம் கடந்து வந்தது.

2014, 2015 ஆகிய இரு கோடைகளில் வேலை நடந்தது. அந்நாளைய நூறு நாள் வேலைத் திட்டத்திலும் சில பகுதிகள் சேர்க்கப்பட்டன. 2015 கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தது. பள்ளிக்கு விடுமுறை விடாமலே எல்லாப் பிள்ளைகளும் கரைக்கு ஓடிவிட்டார்கள். நான் கண்டிக்கவில்லை, நானும் அவர்களுக்குப் பின்னால்தான் ஓடினேன். அடுத்த பங்குனியில் ஐந்தாம் வகுப்பில் வராதோர் இருவர், இருவருக்கும் அம்மை.

இத்துடன் நிறுத்தினால் உண்மையை மறைத்தவன் ஆவேன். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் 62 விழுக்காடு குறைந்தது. எங்கள் கண்மாயில் முழங்கால் அளவு நீர்கூட நிற்கவில்லை. மாசியில் பழையபடி குடும்பங்கள் வண்டியேறின. பதிவேட்டில் பழையபடி குறிகள் விழுந்தன. எந்தப் பங்காளியாலும் மழையைத் தர முடியாது. ஆனால் முன்னாண்டு மீன் பணத்தில் ஒரு பகுதி சங்கத்தின் பெயரில் வங்கியில் இருந்தது. அதிலிருந்து நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி கொடுத்தார்கள். வெளியூர் போகும் குடும்பங்களில் சிலர், பாட்டிமாரிடம் பிள்ளைகளை விட்டுச் செல்ல அரிசிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது பிள்ளைகள் அவ்வாறு தங்கினார்கள். அவர்கள் பெயர்கள் எனக்கு மனப்பாடம்.

ஊருணியைப் பற்றிக் கேட்பீர்கள். உடன்படிக்கையில் எழுதியாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று. முதல் ஆண்டு தெற்குக் குடியிருப்பிலிருந்து மூன்று பெண்கள் மட்டும் குடத்தோடு படியிறங்கினார்கள். அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேறு சில வீட்டுப் பெண்கள் ஒரு வாரம் ஊருணிப் பக்கமே வரவில்லை. பிறகு வண்டித் தண்ணீருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் வந்தார்கள்.

சென்ற பங்குனியில் அவ்வூருக்குப் போயிருந்தேன். பழுதான இயந்திரம் இருந்த கட்டடத்தைச் சுத்தம் செய்து, சங்கத்தின் அலுவலகமாக வைத்திருக்கிறார்கள். கல்வெட்டை எடுக்கவில்லை. இப்போதைய தலைமையாசிரியை பதிவேட்டை எனக்குக் காட்டினார். அவ்வாண்டு நல்ல ஆண்டும் அன்று, கெட்ட ஆண்டும் அன்று. தூர்ந்துபோன மூன்றாவது மடை இன்னும் அப்படியே கிடக்கிறது; அதன் கீழுள்ள வயல்கள் தரிசு. அதைக் கட்டுவதற்குத் துணை வேண்டி ஒரு நிறுவனத்திற்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறார்கள். எழுதியவள், தெற்குக் குடியிருப்பைச் சேர்ந்த என் பழைய மாணவி; சங்கத்தின் கணக்கர் இப்போது அவள்தான். கரையின் நீளம், மடையின் அளவு, சங்கத்தின் கையிருப்பு, ஊரார் போடும் பங்கு, மடை திறப்பவருக்குத் தரும் கூலி என்று ஒரே பக்கத்தில் முடித்திருந்தாள். வறுமை என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை. திருத்தித் தரும்படி என் கையில் கொடுத்தாள். இரண்டு இடங்களில் ஒற்று விட்டுப் போயிருந்தது, சேர்த்துக் கொடுத்தேன். விடை இன்னும் வரவில்லை.